அக்கா, உங்கள் நாற்காலி எனக்கு வேண்டாம்

அக்கா,

மருந்தகத்தில் உங்கள் இடத்துக்கு வரச் சொல்லிக் கேட்டபோது, போனில் "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். யோசித்துவிட்டேன். நீங்கள் ஓய்வுபெற்றதும் அந்த இடத்துக்கு நான் வரப்போவதில்லை. மருந்துப் பாதுகாப்பு ஆய்விலேயே இருந்துவிடுகிறேன். நேரில் வந்து சொல்லாததற்கு மன்னியுங்கள். நேரில் வந்தால் நீங்கள் என்னைப் பேசவிட மாட்டீர்கள் என்பதும் உண்மைதானே.

வாய்ப்புண்ணுக்கு ஜெல் கேட்டு வந்தாரே ஒரு பெரியவர், இந்த வாரம் முழுக்க அவர் நினைவுதான். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று நீங்கள் கேட்கவில்லை. "எப்படிச் சாப்பிடுறீங்க, எடுத்துக் காட்டுங்க" என்றீர்கள். பையிலிருந்து மெத்தோட்ரெக்சேட் அட்டை வந்தது. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை போடவேண்டிய மாத்திரை. பிரஷர் மாத்திரையோடு சேர்த்துத் தினமும் போட்டிருந்தார். கையைப் பிடித்து நீங்களே டாக்டரிடம் கூட்டிப்போனீர்கள். ரத்த அணுக்கள் குறையத் தொடங்கியிருந்தன. பிழைத்துக்கொண்டார். என் ஆய்வுகள் எல்லாம் உங்களுடைய அந்த ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கின்றன.

அப்புறம் நான், மருந்தால் நேர்ந்த பாதிப்பைப் புகாராகப் பதியும் படிவத்தை எடுத்து வந்தேன். "ஆள் பிழைச்சாச்சு, பேப்பர் எதுக்கு? யாரைக் காட்டிக்கொடுக்கப் போறே?" என்றீர்கள். அதையும் மறக்கவில்லை. (எந்த இடம், யார் எழுதிய சீட்டு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். நம்மை அறிந்தவர்களும் படிக்கிறார்கள்.) 2019-இல் ஐரோப்பிய மருந்து முகமை, வாரம் ஒருமுறைதான் என்ற எச்சரிக்கையை இந்த மருந்தின் பெட்டியிலேயே போடச் சொன்னது. யாரோ உட்கார்ந்து நிரப்பிய படிவங்கள்தான் அதற்குக் காரணம்.

"நோயாளியை விட்டுட்டு கம்ப்யூட்டருக்கு ஓடிட்டான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாம். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் பக்கவிளைவு, மருந்து விற்பனைக்கு வருமுன் 3,000 பேரிடம் சோதித்தாலும் கண்ணில் படாமல் போகலாம். கர்ப்பிணிகளையும் சிறுநீரகம் பழுதான முதியவர்களையும் அந்தச் சோதனைகளில் பெரும்பாலும் சேர்ப்பதே இல்லை. உங்கள் கவுன்டரில் வந்து நிற்பவர்களோ அவர்கள்தான். ரோஃபெகாக்சிப் என்ற மூட்டுவலி மாத்திரை 1999-இல் வந்தது. மாரடைப்பு அபாயம் உறுதியாகி 2004-இல் திரும்பப் பெறப்பட்டது. அதுவரை அதை எடுத்துக் கொடுத்தவர்கள் எல்லாரும் டாக்டர் சீட்டில் எழுதியிருந்தபடி சரியாகத்தான் கொடுத்தார்கள். வயதானவருக்கு மாரடைப்பு வந்தால் மாத்திரையை யார் சந்தேகப்படுவார்? உங்கள் கூர்மையான கண்ணுக்கும் அது தெரிந்திருக்காது, அக்கா. லட்சக்கணக்கானவர்களின் பதிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

விடைபெறும் விழாவுக்குக் கட்டாயம் வருவேன். அந்தப் பெரியவர் கதையை யாராவது மேடையில் சொல்வார்கள், நானும் கைதட்டுவேன். என்னை மட்டும் பேசக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் படிவத்தையும் சேர்த்துத்தான் சொல்வேன்.