அப்பாவின் பெட்டியை எடைக்குப் போட்டுவிடாதே

ஹட்டன்

அன்புள்ள மச்சான்,

உன் மகளுக்குக் கம்பஸ் கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்குத்தான் பெரிய சந்தோஷம். இங்கே மழை இன்னும் விட்டபாடில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தலவாக்கலை வீட்டில் பழைய டிவிடி, கெசட், இசைத்தட்டுகளோடு கிடக்கும் உன் அப்பாவின் பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் கொடுக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து பொறு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இப்போது எனக்கு அதுதான் வேலை. பழைய டிவிடி, கெசட், இசைத்தட்டு எல்லாம் வாங்கித் துடைத்து, இக்மன் விளம்பரத் தளத்திலும் பேஸ்புக்கிலும் போட்டு விற்கிறேன். மகனின் டியூஷன் காசு இதில் வந்துவிடுகிறது.

முதலில் ஒரிஜினலையும் கொப்பியையும் பிரி. டிவிடியைத் திருப்பிப் பார். அடிப்பக்கம் ஊதா நிறம் அடித்தால் அது கம்ப்யூட்டரில் பதிந்த கொப்பி. அதை நான் விற்பதே இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டுமல்ல, அடுத்தவன் உழைப்பைத் திருடிய காசு எனக்கு வேண்டாம்.

இசைத்தட்டுதான் கவனம். கனமாக, கொஞ்சமும் வளையாமல் இருந்தால் அது பெரும்பாலும் 78 சுற்றுத் தட்டு, அதாவது நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும் பழைய தட்டு. அரக்கில் செய்தது, கை தவறினால் உடைந்துவிடும். அதை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதே, அரக்கு கரைந்து பாட்டே போய்விடும். மெல்லிய துணியால் தூசியை மட்டும் தட்டு. கெசட்டில் நாடாவின் ஓரம் வெள்ளை பூத்திருந்தால் பூஞ்சணம் என்று அர்த்தம். நம்ம மலைக் குளிருக்கும் ஈரத்துக்கும் அது சாதாரணம். ஆசைக்குக்கூட அதைப் போட்டுக் கேட்காதே. பிளேயரில் நாடா உரசுகிற ஹெட்டில் ஒட்டி அடுத்த கெசட்டுக்கும் பரவும்.

இந்த வேலையில் என்னைப் பிடித்து வைத்திருப்பது காசு மட்டும் இல்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்குப் போன தோட்டத்து ஆட்கள், கொண்டுபோக முடியாமல் பக்கத்து லயக் காம்பராவில் விட்டுவிட்டுப் போன தட்டுகளும் என் கைக்கு வந்திருக்கின்றன. ஒன்றின் லேபிளில் பச்சை மையில் ஒருவர் தன் பெயரை எழுதி, கீழே ‘மேல்கணக்கு’ என்று தன் தோட்டப் பிரிவையும் போட்டிருக்கிறார். லயத்தில் இருந்துகொண்டு ஒரு தட்டு வாங்க அந்த மனிதர் எவ்வளவு மிச்சம் பிடித்திருப்பார்! அதை மட்டும் விற்க மனம் வரவில்லை.

விற்பதில் ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பு. கீறல் இருந்தால் டோர்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து, அது தெரிகிற மாதிரியே போட்டோ எடுத்துப் போடுவேன். அதனாலேயே ஒருமுறை வாங்கியவர்கள் திரும்பி வருகிறார்கள். தட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து, உறையோடு பக்கத்தில் வைத்து, இரண்டு பக்கமும் தடித்த மட்டை கொடுத்துக் கட்ட வேண்டும். உள்ளேயே விட்டால் வழியில் ஆடி ஆடி உறையின் விளிம்பைக் கிழித்துவிடும். அப்புறம் என்ன, தபால் கந்தோரில் பார்சல் கிடைக்கும்போது காசு கட்டுகிற முறையில் அனுப்பிவிடுவேன்.

பெட்டியில் பெயர் எழுதாத கெசட் ஏதும் இருந்தால் தனியாக வை. உன் அத்தை சவூதியில் இருந்தபோது பேசி அனுப்பிய கெசட்டுகளை எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்போமே, அவை அதற்குள்தான் இருக்கும். அதை யாருக்கும் கொடுக்காதே. நான் சுத்தம் பண்ணி, கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன்.

இப்போதைக்கு லேபிள்களை மட்டும் போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பு. எது என்ன விலை போகும் என்று பார்த்துச் சொல்கிறேன். விற்ற காசில் தபால் செலவு போக மிச்சம் முழுவதும் உனக்குத்தான், மகளின் முதல் வருடச் செலவுக்கு ஆகட்டும்.

அன்புடன்,
உன் நண்பன்