பத்துக் கணினிக்கு விண்டோஸ் சர்வர் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழைய கணினிகளை மாற்றும் கடைகளுக்கும் சங்கங்களுக்கும் விற்பனையாளர்கள் தரும் விலைப்பட்டியலில் விண்டோஸ் சர்வரும் (பல கணினிகளுக்குப் பொதுவாகத் தரவு வழங்கும் கணினிக்கான தனி இயங்குதளம்) சேர்ந்தே வருகிறது. தலையாட்டும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பில் போடும் மென்பொருள் தரவை எப்படி வைக்கிறது?

மைக்ரோசாஃப்டின் சிறு டேட்டாபேஸ் மென்பொருளான அக்சஸின் கோப்பாகப் பொது ஃபோல்டரில் இருந்தால், சாதாரண விண்டோஸ் ஒரே நேரத்தில் 20 இணைப்புகளைத்தான் ஏற்கும். ஸ்கேன் செய்து அந்த ஃபோல்டரில் போடும் ஜெராக்ஸ் இயந்திரமும் இதில் ஒரு கணக்கு. சர்வர் வாங்கினால் இந்த வரம்பு போகும். ஆனால் எழுதும் நடுவில் நெட்வொர்க் அறுந்து கோப்பு கெடுவது போகாது. அது மென்பொருளின் அமைப்பிலேயே உள்ள குறை.

தரவை வைத்திருப்பது மைக்ரோசாஃப்டின் இலவச டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ் என்றால், வரம்பு எக்ஸ்பிரஸுக்குள்ளேயே இருக்கிறது. 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜி.பி., தரவுக்கான நினைவகம் 1410 எம்.பி., அதிகபட்சம் 4 கோர் (செயலியின் கணிப்பு அலகு). விண்டோஸ் சர்வரில் போட்டாலும் இதே கதைதான். இதற்காக 64 ஜி.பி. ராம் வாங்குவது வீண்செலவு.

பத்து பேர் வேலை செய்ய, தரவுள்ள கணினியில் விண்டோஸ் 11 ப்ரோ இருந்தாலே தாங்கும், சில அமைப்புகளை மாற்றினால். அந்தக் கணினியில் ஸ்லீப், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (முழுதாக அணையாமல் விரைவாகத் தொடங்கும் வசதி) இரண்டையும் நிறுத்துங்கள். அப்டேட்டுக்கான 'ஆக்டிவ் ஹவர்ஸ்' 18 மணி நேரம் வரை வைக்கலாம். வைக்காவிட்டால் கடை நேரத்திலேயே ரீஸ்டார்ட் ஆகக்கூடும். ஐ.பி. முகவரி நிலையாக இருக்கட்டும். எக்ஸ்பிரஸில் டி.சி.பி./ஐ.பி. (பிற கணினிகள் நெட்வொர்க் வழியாக இணையும் முறை) முதலில் அணைந்தே இருக்கும். எஸ்.க்யூ.எல். சர்வரின் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அதை இயக்கி, போர்ட்டை (இணைப்பு வரும் வாசல் எண்) 1433 என்று நிலையாக வைத்து, ஃபயர்வாலில் உள் நெட்வொர்க்குக்கு மட்டும் திறக்க வேண்டும். சற்று நேரம் சும்மா இருந்தபின் முதல் பில் மட்டும் இழுத்தடித்தால், 'ஆட்டோ குளோஸ்' (யாரும் பயன்படுத்தாதபோது டேட்டாபேஸைத் தானாக மூடும் அமைப்பு) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பேக்கப்பில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். குறித்த நேரத்தில் தானாக வேலைகளைச் செய்யும் ஏஜென்ட் என்ற வசதி எக்ஸ்பிரஸில் கிடையாது. டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் தரவு இருக்கும் எம்.டி.எஃப். கோப்பு பூட்டியிருப்பதால் காப்பி செய்யவும் விடாது. பேக்கப் எடுக்கும் எஸ்.க்யூ.எல்.சி.எம்.டி. கட்டளையை ஒரு பேட்ச் கோப்பில் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) எழுதி, விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் தினமும் இரவு ஓடவிட்டு, வரும் கோப்பை வேறு டிஸ்கில் வையுங்கள். மாதம் ஒருமுறை இன்னொரு கணினியில் ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை.

சாதாரண விண்டோஸை சர்வர் மென்பொருளாகப் பயன்படுத்தக் கூடாது என்ற வரியும் அதன் உரிமத்தில் உண்டு. ஆட்கள் பெருகினால் அதையும் யோசிக்க வேண்டும். அப்போதும் விண்டோஸ் சர்வர் ஒன்றே வழியல்ல. ஸ்டாண்டர்ட் பதிப்புக்குக் குறைந்தது 16 கோருக்கு உரிமம் வாங்க வேண்டும். அதற்கு மேல், ஆளுக்கோ கருவிக்கோ 'கால்' என்னும் அணுகல் உரிமம் தனி. உபுண்டு சர்வரிலும் அதே எக்ஸ்பிரஸ் ஓடும், இயங்குதளத்துக்குக் காசு இல்லை. லினக்ஸ் தெரிந்த ஆள் கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருக்கிறாரா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பாளர்,
ஈரோடு