ஸ்பானிஷ் ராப் 2004-ல் பிறக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் லத்தீன் இசை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்பானிஷ் மொழியில் ராப் என்ற, தாளத்துக்கு மேல் பேசுவது போல் பாடும் இசை, 2004-ல் கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் பாடகர் டாடி யாங்கியின் 'கேசோலினா' பாட்டோடு பிறந்தது என்று அதன் இரண்டாம் பத்தியில் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அந்த வரிக்கு மேல் அன்றைக்கு என்னால் படிக்க முடியவில்லை. மறுநாள் காலையில்தான் மீதியைப் படித்தேன். படித்த பிறகும் மனம் ஆறவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த டாடி யாங்கியே அதற்குப் பத்து வருடம் முன்னால் டிஜே பிளேயரோ தயாரித்த கேசட்டுகளில் பாடிக்கொண்டிருந்த பையன்தான் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 1981-ல் நியூயார்க்கில் மீன் மெஷின் குழுவின் 'டிஸ்கோ டிரீம்' இசைத்தட்டில் ஆங்கிலத்தோடு ஸ்பானிஷிலும் ராப் வந்துவிட்டது என்பதும் தாங்கள் அறிந்ததுதான். அதே நியூயார்க்கின் பிராங்க்ஸ் தெருக்களில், ராப் பிறந்த ஹிப்-ஹாப் கலாசாரம் உருவானபோதே போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் அதற்குள் இருந்தார்கள். கோல்டு க்ரஷ் பிரதர்ஸ் குழுவில் இசைத்தட்டுச் சுழற்றிய சார்லி சேஸ் அவர்களில் ஒருவர். இவ்வளவும் தெரிந்த ஓர் ஆசிரியரின் மேசையைத் தாண்டி அந்த வரி எப்படி அச்சுக்குப் போனது?

நான் கப்பல் இன்ஜின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எண்பதுகளின் கடைசியில் பனாமாவின் கோலோன் நகரத் துறைமுகத்தில் எங்கள் கப்பல் நிற்கும். அங்கே வரியில்லா வணிகப் பகுதி உண்டு. டேப் ரெக்கார்டர், கைக்கடிகாரம் எல்லாம் மலிவாகக் கிடைக்கும் என்பதால் கப்பல்காரர்கள் யாரும் அதை விடமாட்டார்கள். நானும் இரட்டை கேசட் செட் ஒன்று வாங்கத்தான் போனேன். ஊருக்குள் போகும் பேருந்துகளைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஓடிக் களைத்த பள்ளிப் பேருந்துகளை வாங்கி, உடம்பெல்லாம் பெயின்ட் அடித்துப் படம் வரைந்து ஓட்டுவார்கள். டிரைவர் தலைக்கு மேலே பெரிய ஸ்பீக்கர். அதில் ஜமைக்கா தாளத்துக்கு மேல் ஒருவன் ஸ்பானிஷில் படபடவென்று பேசிக்கொண்டே பாடுகிறான். பேருந்தில் பாதிப் பேர் கூடவே சொல்கிறார்கள். பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு சிறுமிக்கு முழுப் பாட்டும் மனப்பாடம். ரெனாட்டோ பாடிய 'எல் டெனி' என்ற பாட்டு அது. அந்நாட்டுப் புலனாய்வுப் போலீஸைப் பற்றியது. ஜெனரல் நொரியேகா ஆண்டுகொண்டிருந்த காலம் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். போலீஸைப் பற்றி வாய் திறக்கவே யோசிக்க வேண்டிய ஊரில் பேருந்து முழுக்க அதைப் பாடிக்கொண்டு போனார்கள்.

துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதிய ஒருவர் எனக்கு ஆங்கிலத்தில் இதை விளக்கினார். அவருடைய தாத்தா பார்படோஸ் தீவிலிருந்து கால்வாய் தோண்ட வந்தவர். 1904-க்கும் 1914-க்கும் இடையில் பார்படோஸ், ஜமைக்கா தீவுகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் அப்படி வந்தார்கள். சம்பளம் வெள்ளையருக்குத் தங்க நாணயக் கணக்கு, இவர்களுக்கு வெள்ளி நாணயக் கணக்கு. தபால் நிலையத்தில்கூடத் தனித்தனி வரிசை. வேலை முடிந்ததும் பலர் கோலோனிலும் பனாமா நகரத்தின் ரியோ அபாஹோ பகுதியிலும் தங்கிவிட்டார்கள். வீட்டில் தாத்தா பாட்டி பேசிய தீவு ஆங்கிலம், பள்ளியில் ஸ்பானிஷ். ஜமைக்காவிலிருந்து வரும் இசைத்தட்டை இந்தப் பிள்ளைகள் கேட்டால் ஒரு வார்த்தை விடாமல் புரியும். அதைத் தாங்களே ஸ்பானிஷில் திருப்பிப் பாடினார்கள். ரெனாட்டோ, நாண்டோ பூம், எல் ஹெனரல் எல்லோரும் அந்த மண்ணிலிருந்து வந்தவர்கள். ஜமைக்காவில் ஷாபா ராங்க்ஸ் பாடிய 'டெம் போ' பாட்டை நாண்டோ பூமும் எல் ஹெனரலும் ஸ்பானிஷில் பாடியது 1991 வாக்கில். தங்கள் கட்டுரையாளர் போர்ட்டோ ரிக்கோவின் தாளம் என்று அரைப் பக்கம் புகழ்ந்திருப்பது இந்த 'டெம் போ' தாளத்தைத்தான். அது இந்த வழியாகத்தான் அந்தத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. கட்டுரையில் பனாமா என்ற பெயரே இல்லை.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இது முதல் தடவையல்ல. சில வருடங்களுக்கு முன் தங்கள் இதழில் பனாமா கால்வாய் பற்றிய சிறப்புக் கட்டுரை வந்தது. அமெரிக்க ஜனாதிபதி உண்டு, பொறியாளர்கள் உண்டு, கொசு ஒழித்த டாக்டர் உண்டு. மண் வெட்டியவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்போதும் எழுதினேன். என் கடிதத்தை மூன்று வரியாக வெட்டி, கட்டுரை அருமை என்ற முதல் வாக்கியத்தை மட்டும் போட்டீர்கள். என் பெயரோடு வந்த அந்தப் பாராட்டைப் படித்துவிட்டு, கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் போன் செய்து, "அண்ணாச்சி, நீங்களுமா இப்படி?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சரி, போர்ட்டோ ரிக்கோவுக்கு வருகிறேன். அங்கே ஸ்பானிஷ் ராப்பைக் காலூன்ற வைத்தவர் வீகோ சி. நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்து, போர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவானின் புவெர்த்தா தே தியெர்ரா பகுதியில் வளர்ந்தவர். எண்பதுகளில் பதின்ம வயதிலேயே டிஜே நீக்ரோவோடு சேர்ந்து கேசட் போடத் தொடங்கிவிட்டார். போதைப்பொருள், தெருவில் சாகும் பையன்கள், அக்கம்பக்கத்து வாழ்க்கை என்று கதை சொல்வது போல் எழுதுவார். அவருக்குத் தத்துவஞானி என்றே பட்டப்பெயர். தங்கள் கட்டுரையில் அவருக்குக் கிடைத்திருப்பது ஒரு படத்தின் கீழே அரை வரி. அதிலும் பெயர் 'விகோ கே' என்று அச்சாகியிருக்கிறது.

தொண்ணூறுகளில் அந்தத் தீவில் நடந்ததையாவது எழுதியிருக்கலாம். 1993-ல் ஆளுநர் பெட்ரோ ரொசெயோ குற்றத்துக்கு எதிராக இரும்புக் கரம் என்று சொல்லி, ஏழைகள் வாழும் அரசுக் குடியிருப்புகளுக்குள் தேசியக் காவல்படையை இறக்கினார். இந்தப் பாட்டுகள் பிறந்ததும் அதே குடியிருப்புகளில்தான். 1995 பிப்ரவரியில் போலீஸ் சான் ஹுவானின் இசைக் கடைகளில் புகுந்து, ஆபாசம் என்று சொல்லி ராப் கேசட்டுகளை அள்ளிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு எங்கள் கப்பல் அங்கே போனபோது ஒரு கடையில் 'தி நாய்ஸ்' என்ற ராப் தொகுப்பு கேசட் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் முதலில் இல்லை என்றார். கப்பல் அடையாள அட்டையைக் காட்டினேன். வாசல் வரை போய்த் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்து, கல்லாப்பெட்டிக்குக் கீழே செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். உறை போட்டோகாப்பி. பாடகர் பெயர்கள் பால்பாயின்ட் பேனாவில். இப்படி ஒளித்து வைத்துக் காப்பாற்றிய இசையைத்தான், ஒரே இரவில் ஒரு ஹிட் பாட்டில் முளைத்தது என்று நம் வாசகர்கள் படித்திருக்கிறார்கள்.

லாஸ் ஏஞ்சலஸில் 1990-லேயே கியூபாவில் பிறந்த மெல்லோ மேன் ஏஸின் 'மென்டிரோசா' என்ற ராப் பாட்டு அமெரிக்காவின் பிரபலப் பாடல் பட்டியலில் 14-ஆம் இடம் வரை ஏறியது. அதே வருடம் மெக்சிகோ வம்சாவளி கிட் ஃப்ராஸ்டின் 'லா ராசா' வந்தது. சிலி நாட்டில் சர்வாதிகாரி பினோசே ஆட்சியிலேயே, 1988-ல், தே கிருசா குழு பாடியது. மாட்ரிட் பக்கத்தில் டொர்ரெஹோன் அமெரிக்க விமானத் தளத்தைச் சுற்றி வளர்ந்த பையன்கள் ஸ்பெயினுக்கு ராப்பைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியது. இவற்றில் ஒன்றுக்குக்கூட அந்த நான்கு பக்கத்தில் இடமில்லை. கட்டிக்கொண்டு ஆடும் நீச்சல்குளப் படத்துக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம்.

தங்கள் இதழில் வேற்று நாட்டு இசை என்றாலே இப்படித்தான் ஆகிவிட்டது. அப்பா வாங்கிக்கொண்டிருந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் இதழ் இது. ஆப்பிரிக்க இசை பற்றி முன்பு தொடராக எழுதினீர்கள், பாடியவனின் ஊரும் தொழிலும் அதில் இருந்தன. இப்போது எத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு மட்டும் இருக்கிறது. ஏழைப் பிள்ளைகள் உருவாக்கிய ஒன்றைப் பணம் சம்பாதித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்ததாக எழுதுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. தாங்கள் அதற்குத் துணைபோகிறவர் அல்ல என்று இன்னும் நம்புகிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் அதே பகுதியில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: ஸ்பானிஷ் ராப் 1980-களிலேயே இருந்தது, படத்தில் இருப்பவர் பெயர் வீகோ சி. இந்தக் கடிதத்தைப் போடாவிட்டாலும் பரவாயில்லை. போட்டால் வெட்டாமல் போடுங்கள்.

அப்புறம், இசைச் சிறப்பிதழுக்குப் படம் எடுப்பதற்கென்று தங்கள் அலுவலகம் கேட்டபோது, கோலோனில் வாங்கிய ரெனாட்டோ கேசட்டின் உறையைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தேன். படமும் வரவில்லை, உறையும் திரும்பவில்லை. தேடிப் பார்த்து அனுப்பச் சொல்லுங்கள். எனக்கான விலாசமிட்ட உறையைத் தபால்தலை ஒட்டி இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்,
தூத்துக்குடி