மடிக்காத இறக்கை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். அதற்காக மாடிப்படி ஏற ஆரம்பித்துவிடாதே. இங்கே சின்னவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். வீட்டில் எனக்கு ஒரு வேலையும் தருவதில்லை, அதனால் பழைய விமானப் பைத்தியம் முற்றிவிட்டது.

இப்போது ஏ-4 ஸ்கைஹாக். அமெரிக்கக் கடற்படைக்காக டக்ளஸ் கம்பெனியில் எட் ஹைன்மன் வடிவமைத்த தாக்குதல் விமானம். எடை 30,000 பவுண்டு வரை போகலாம் என்றது கடற்படை. மனிதர் ஏறக்குறைய அதில் பாதியிலேயே முடித்துவிட்டார்! 1954 ஜூனில் முதலில் பறந்தது.

எனக்குப் பிடித்தது இறக்கைதான். விமானந்தாங்கிக் கப்பலில் இட நெருக்கடி, அதனால் பெரும்பாலான விமானங்களுக்கு இறக்கையை மடிக்க வேண்டும். மடிப்பதற்குக் கீல், கீலை இயக்க ஹைட்ராலிக் என்று எடை ஏறிக்கொண்டே போகும். ஹைன்மன் இறக்கையின் மொத்த அகலத்தையே 27 அடிச் சொச்சத்துக்குள் அடக்கிவிட்டார். மடிக்கிற பேச்சே இல்லை. மெதுவாகப் பறக்கும்போது விமானத்தைத் தாங்க உதவும் முன்விளிம்புத் தகடுகளுக்கு மோட்டார் கிடையாது. வேகம் குறைந்தால் தானாக வெளியே வரும், கூடினால் காற்றே உள்ளே தள்ளிவிடும். வயிற்றுக்கடியில் அணுகுண்டு தொங்க இடம் வேண்டுமே, சக்கரக் கால்கள் மட்டும் கொக்குக்கு இருப்பதுபோல நீளம்.

அப்புறம் வந்தவர்கள் சும்மா விடவில்லை. மின்னணுக் கருவிகளுக்காக முதுகில் ஒரு திமிலையே வைத்தார்கள். எனக்கென்னவோ அந்த முதல் உருவம்தான் அழகு.

வியட்நாமில் ஓயாமல் பறந்தது, நிறைய அடியும் வாங்கியது. 1967 அக்டோபரில் ஹனோய் மேலே, பின்னாளில் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற ஜான் மெக்கெய்ன் சுட்டு வீழ்த்தப்பட்டது இதில்தான்.

1982-ல் அர்ஜென்டினாவும் பிரிட்டனும் மோதிய பால்க்லாந்து போரில் நடந்ததைக் கேள். அர்ஜென்டினாவின் விமானந்தாங்கிக் கப்பலில் ஸ்கைஹாக்குகள் குண்டுகளோடு தயார். ஆனால் மே 2 காலையில் கடலில், விமானம் எழும்பக் கைகொடுக்கும் எதிர்க்காற்று போதவில்லை. அந்தச் சுமையோடு கிளப்ப முடியவில்லை. அன்றே அர்ஜென்டினாவின் பெல்கிரானோ போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட, விமானந்தாங்கி கரைக்குத் திரும்பிவிட்டது. கடற்படை விமானிகள் பிறகு தரைத்தளத்திலிருந்தே பறந்தார்கள். மே 21 அன்று பிரிட்டனின் ஆர்டென்ட் போர்க்கப்பலைத் தாக்கியவர்களில் அவர்களும் உண்டு.

சிங்கப்பூர்க்காரர்கள் இதற்குப் புது எஞ்சின் மாட்டி 2000-க்குப் பிறகும் ஓட்டினார்கள். உன் மச்சான் அங்கே இருந்தாரே, பார்த்திருக்கிறாரா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
ராஜு