ஒரு நீத்துப்பெட்டிப் புட்டு எத்தனை கிராம்? வடக்கில் ஊட்டச்சத்து ஆய்வுகளுக்கு வழிகாட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சேர் அவர்களுக்கும் மேடம் அவர்களுக்கும்,

யாழ்ப்பாணத்தில் மருத்துவம், விவசாயம், சுகாதாரம் என்று எந்தப் பக்கத்தில் இருந்து ஊட்டச்சத்து ஆய்வுகளுக்கு வழிகாட்டினாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். உங்களில் சிலரிடம் நான் படித்திருக்கிறேன். இப்போது ஆய்வேடு முடித்த பிள்ளைகள் கட்டுரை எழுதும்போது பக்கத்தில் இருந்து என்னால் முடிந்ததைச் செய்கிறேன். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். ஆய்வேட்டில் கையொப்பம் வைத்த நாளோடு பிள்ளையை விட்டுவிடாதீர்கள். அவளுடைய முதலாவது கட்டுரை ஒரு சஞ்சிகைக்குப் போய், மதிப்பாய்வு, அதாவது துறை தெரிந்த வேறு ஆய்வாளர்கள் வாசித்து எழுதும் குறிப்புகள் வந்து, அதற்குப் பதில் எழுதி முடியும் வரைக்கும் கூட இருங்கள்.

போன மாரியில் ஒரு பிள்ளை என்னிடம் வந்தாள். மழைக்கு நனையாமல் பொலித்தீன் பையில் சுற்றிய கறுப்பு மட்டை ஆய்வேடு கையில். நீரிழிவு உள்ளவர்கள் காலையில் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்ட ஆய்வு. தனியாகவே அதைச் சுருக்கி ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு அனுப்பியிருக்கிறாள். நாலாம் நாள், மதிப்பாய்வுக்கே போகாமல் திரும்பி வந்துவிட்டது. "என்ர வேலை சரியில்லைப் போல" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். வேலையில் ஒரு பிழையும் இல்லை. ஆய்வேட்டின் ஐந்து அத்தியாயங்களையும் வெட்டி ஒட்டியிருந்தாள். முன்னுரையே ஆறு பக்கம், அட்டவணை பதினான்கு. ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தில் "இணைத்துள்ளேன், ஏற்றுக்கொள்ளவும்" என்று ஒரே வரி. பரீட்சகருக்கு, நான் எல்லாம் படித்திருக்கிறேன் என்று காட்டத்தான் ஆய்வேடு. கட்டுரையைப் படிப்பவர் முன்பின் தெரியாத ஒருவர். அவருக்கு ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில் போதும். சுருக்கத்துக்குப் பெரும்பாலான சஞ்சிகைகள் 250, கூடினால் 300 சொற்கள்தான் தருகின்றன. இந்த வித்தியாசத்தை அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. எனக்கும் ஒரு காலத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

சரி, இதெல்லாம் சஞ்சிகையின் அறிவுறுத்தல்களை ஆறுதலாக இருந்து வாசித்தால் பிடிபட்டுவிடும். உங்களை விட்டால் ஆள் இல்லாத இடம் வேறு.

திருத்தி, வேறொரு சஞ்சிகைக்கு அனுப்பினோம். இந்த முறை மதிப்பாய்வுக்குப் போனது. இரண்டாவது மதிப்பாய்வாளரின் முதற் கேள்வி: உங்கள் அட்டவணையில் "ஒரு நீத்துப்பெட்டி" என்று ஓர் அளவு வருகிறதே, அது எத்தனை கிராம்?

நீத்துப்பெட்டி என்றால் புட்டு அவிக்கிற ஓலைப்பெட்டி. வினாக்கொத்தில் சனம் சொன்னபடியே எழுதியிருந்தோம். ஒரு நீத்துப்பெட்டிப் புட்டு, ஒரு சுண்டு அரிசி, ஒரு பேணி பால், ஒரு அகப்பை சொதி. எங்களுக்கு இது எல்லாம் கண்ணை மூடிக்கொண்டே விளங்கும். உலகத்தின் மற்றப் பக்கத்தில் இருந்து வாசிப்பவருக்கு என்ன விளங்கும்? ஒரு சமையலறைத் தராசை எடுத்துக்கொண்டு நானும் அந்தப் பிள்ளையும் கொக்குவிலிலும் கோண்டாவிலிலும் ஏழு வீடுகளுக்குப் போனோம். விடிய ஆறு மணிக்குப் புட்டு அவிகிற நேரம். ஓலை நீத்துப்பெட்டியும் ஒரே அளவில் இல்லை, புட்டும் ஒரே அளவில் இல்லை. ஒரு வீட்டில் தேங்காய்ப்பூ கைநிறையப் போடுகிறார்கள், இன்னொரு வீட்டில் மேலே தூவுகிறார்கள். ஒரு வீட்டுப் புட்டு மற்ற வீட்டுப் புட்டைவிட ஒன்றரை மடங்கு பாரம். ஒரு அக்கா சிவப்பரிசி மாவோடு கோதுமை மா பாதிக்குப் பாதி கலக்கிறா. கேட்டால், "அரிசிமாப் புட்டு" என்றுதான் சொல்லுவா.

அந்த ஏழு வீட்டில் நாங்கள் கண்டது ஆய்வேட்டில் ஒரு வரி கூட இல்லை. கட்டுரையில் அதுதான் உயிர். நீரிழிவுக்காரருக்கு மாச்சத்து எவ்வளவு போகிறது என்று கணக்குப் பார்க்கிற ஆய்வில், மா என்ன மா என்று தெரியாமல், எந்த உணவில் என்ன சத்து எவ்வளவு என்று காட்டும் உணவுக் கூட்டமைவு அட்டவணை எதைத் திறந்தும் பயன் இல்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் அரிசிக்குத் தனி, தேங்காய்க்குத் தனிப் பெறுமானம் எடுக்கலாம். எங்கள் வீட்டு நீத்துப்பெட்டியில் எது எவ்வளவு என்று நாங்கள்தான் நிறுத்துச் சொல்ல வேண்டும்.

அந்த மதிப்பாய்வாளர் கேட்டார், நாங்கள் செய்தோம். அவர் கேட்கத் தெரியாத கேள்விகளும் இருக்கின்றன. "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்" என்று சனிக்கிழமை போய்க் கேட்டால், எங்கள் ஊரில் பாதி வீட்டில் மீன் இருக்காது. நேற்று வெள்ளிக்கிழமை. நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் மச்சம் தொடாத குடும்பங்கள் எத்தனை! ஆவணியில் எடுத்த தரவை வைத்து யாழ்ப்பாணத்தில் புரதம் குறைவு என்று எழுதினால், வெளிநாட்டு மதிப்பாய்வாளர் கேள்வி கேட்காமலே ஏற்றுக்கொண்டுவிடுவார். பிழை அச்சில் ஏறிவிடும். உணவு சார்ந்த நோய்ப்பரவல் ஆய்வுகளுக்கென்றே 2016இல் ஸ்ட்ரோப்-நட் என்ற சரிபார்ப்புப் பட்டியல் வந்தது. நோய்ப்பரவல் ஆய்வுக் கட்டுரையில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று காட்டும் பொதுவான ஸ்ட்ரோப் பட்டியலின் 22 விடயங்களோடு ஊட்டச்சத்துக்கென 24 பரிந்துரைகளை அதில் சேர்த்திருக்கிறார்கள். உணவை எப்படி அளந்தீர்கள், எந்தக் காலத்தில் கேட்டீர்கள் என்றெல்லாம் சொல்லச் சொல்கிறது. நல்ல பட்டியல். என்றாலும் அதற்கு நல்லூர்க் கொடியேற்றம் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

ஒடியலும் அப்படித்தான். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒன்றின் மா கூழுக்குப் போகும், மற்றதைப் பல்லுள்ளவர்கள் அப்படியே கடிப்பார்கள். அவித்ததில் மாப்பொருளின் நிலையே மாறிவிடுகிறது. பிள்ளைகள் இரண்டையும் "பனைமா" என்று ஒரே சொல்லில் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புகிறார்கள். சர்க்கரை உயர்வுச் சுட்டெண், அதாவது ஒரு உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்ற அளவு, பற்றிய கட்டுரை என்றால் இந்த ஒரு சொல்லில் ஆய்வே கவிழ்ந்துவிடும். அந்தச் சுட்டெண்ணை அளக்க 2010இல் சர்வதேச நியமம் ஒன்று வந்திருக்கிறது. குறைந்தது பத்துப் பேர், இரவு முழுக்கப் பட்டினி, 50 கிராம் கிடைக்கக்கூடிய மாச்சத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஏழு தரம் இரத்தம். இந்த 50 கிராமைக் கணக்கிட முன்னர் உணவு எது என்று திட்டமாகத் தெரிய வேண்டாமா? தாவரத்தின் விஞ்ஞானப் பெயர், எந்த ஊர்க் கிழங்கு, அவித்ததா, எத்தனை நாள் வெயில், கசப்புப் போக மாவை எத்தனை தண்ணியில் ஊறவிட்டு வடித்தது. ஒடியல் கூழ் குடித்து வளர்ந்த ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்டால் ஐந்து நிமிடத்தில் இதெல்லாம் எழுதி முடிந்துவிடும்.

நெறிமுறை அனுமதியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நானே அடிபட்டவள். நீரிழிவு உள்ள சிலருக்குக் காலைச் சாப்பாட்டில் எட்டுக் கிழமை குரக்கன் கொடுத்துப் பார்த்தோம். நெறிமுறைக் குழுவின் அனுமதி இருந்தது. ஆனால் இப்படி ஆட்களுக்கு ஒன்றைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வை, முதல் ஆளைச் சேர்க்க முன்னரே ஒரு பதிவகத்தில் பதிய வேண்டும் என்று எனக்குச் சொல்லவில்லை. மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு 2005இல் இருந்தே கேட்கிற விடயம். இலங்கை மருத்துவச் சங்கத்தின் கீழ் அதற்கென்றே ஒரு பதிவகம் இங்கே இயங்குகிறது. நாங்கள் கட்டுரை எழுதி முடித்த பிறகுதான் அறிந்தோம். பின்தேதியிட்டுப் பதிய வழியில்லை. அனுப்பிய இடமெல்லாம் இதைக் காட்டியே திருப்பினார்கள். விடியப்புறம் எழும்பி எட்டுக் கிழமை குரக்கன் ரொட்டி சுட்ட அந்த அம்மாக்களின் பாடு இன்னும் என் லாச்சிக்குள் கிடக்கிறது. அன்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்!

அடுத்ததைச் சொல்லக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. பெயர்கள். மரியாதைக்காக ஒருவர், தராசு தந்ததற்காக ஒருவர், பதவியில் இருப்பதற்காக ஒருவர் என்று சேர்த்துச் சேர்த்து, வெயிலில் திரிந்த பிள்ளையின் பெயர் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ போகிறது. அதே சர்வதேசக் குழு நாலு நிபந்தனை வைத்திருக்கிறது. ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதிப் பிரதிக்குச் சம்மதம், முழு வேலைக்கும் பொறுப்பு. நாலும் பொருந்தினால்தான் ஆசிரியர். மற்றவர்களுக்கு நன்றியுரையில் இடம் உண்டு, அது குறைவான இடமும் அல்ல. பிள்ளை வாய் திறந்து இதை உங்களிடம் கேட்கமாட்டாள். கேட்கக்கூடிய நிலையில் அவள் இல்லை. தயவுசெய்து நீங்களே முதல் நாளில், தரவு எடுக்க முன்னர், யார் யார் பெயர் எந்த ஒழுங்கில் என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். சில துறைகளில் இப்போதே இப்படிச் செய்கிறார்கள் என்பதை நன்றியோடு சொல்கிறேன்.

பிறகு, ஏமாற்றுச் சஞ்சிகைகள். பட்டம் கிடைக்க முன்னரே பிள்ளைக்கு "மதிப்புமிகு பேராசிரியரே" என்று மின்னஞ்சல் வருகிறது. மூன்று நாளில் அச்சிடுகிறோம், டொலரில் காசு அனுப்புங்கள். எனக்குத் தெரிந்த ஒருத்தி காப்பை அடைவு வைத்துக் கட்டினாள். கட்டுரை வந்தது, ஒரு கேள்வி கூட வரவில்லை. இப்போது அந்தச் சஞ்சிகையின் தளமே திறக்குதில்லை. அந்தக் கட்டுரையை வேறு நல்ல இடத்துக்கு அனுப்பவும் முடியாது, ஏற்கெனவே வெளிவந்ததாக ஆகிவிட்டதே. கட்டணம் இல்லாமல் போடுகிற நல்ல சஞ்சிகைகள் இருக்கின்றன. யாரும் காசில்லாமல் வாசிக்கக்கூடிய திறந்த அணுக்கச் சஞ்சிகை என்றாலும் எங்களைப் போன்ற நாடுகளுக்குப் பல பதிப்பகங்கள் கட்டணத்தைக் குறைக்கின்றன. அனுப்பும்போதே கேட்க வேண்டும், ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் பெரும்பாலும் நடக்காது. நாட்டுக்குள்ளேயே 1887இல் தொடங்கிய சிலோன் மெடிக்கல் ஜேர்னல் இருக்கிறது. எந்த இடம் நல்லது என்று உங்களிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லுவீர்கள். அந்த ஒரு நிமிடத்துக்கு ஆள் கிடைக்காமல் ஒருத்தி காப்பை இழந்தாள்.

மதிப்பாய்வு வருகிற நாள்தான் பிள்ளைக்கு ஆகக் கஷ்டமான நாள். இருபது, முப்பது குறிப்புகள். "ஆங்கிலம் திருத்தப்பட வேண்டும்" என்ற ஒரு வரியிலேயே மனம் உடைந்துவிடுகிறது. பெரிய திருத்தம் கேட்டிருக்கிறார்கள் என்றால் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம் என்பதை, பத்துத் தரம் அந்த வழியால் போய் வந்த நீங்கள் சொன்னால்தான் நம்புவாள். ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே எழுதி, கீழே பதிலை எழுதி, எத்தனையாம் வரியில் மாற்றினோம் என்று காட்டுவதும், உடன்பட முடியாத இடத்தில் காரணத்தோடு மறுப்பதும் ஒரு பழக்கம். பக்கத்தில் இருந்து பார்த்தால் வருகிற பழக்கம்.

ஆய்வேடு நூலகத்தில் பத்திரமாக இருக்கிறதுதானே என்று நீங்கள் சொல்லலாம். 1981இல் எங்கள் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. ஒரே ஒரு பிரதி, ஒரே ஒரு கட்டடத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்று வேறு எந்த ஊராருக்கும் விளக்க வேண்டி வரலாம், யாழ்ப்பாணத்தாருக்கு வேண்டாம். சஞ்சிகையில் வந்த கட்டுரை நூறு இடத்தில் இருக்கும்.

கடைசியாக ஒன்று. புட்டு நிறுக்கப் போன வீடுகளில் ஒரு ஆச்சி, முன்பு ஒரு ஆய்வுக்கு இரத்தம் தந்தவ. தராசைப் பார்த்துக்கொண்டே கேட்டா, "வெறும் வயித்தோட வரச்சொல்லி இரத்தம் எடுத்தனியள் பிள்ளை, அதில என்ன கண்டனியள்?" இரண்டு வருடமாக அவவுக்கு யாரும் போய்ச் சொல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் இருந்துகொண்டு அமெரிக்க மிஷன் மருத்துவர் டாக்டர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார், நூல்களைத் தமிழில் ஆக்கினார். அந்த ஊருக்குப் பக்கத்து ஊரில், தன் இரத்தத்தில் என்ன இருந்தது என்று ஒரு ஆச்சி தமிழில் அறிய முடியாமல் இருக்கிறா. கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டதும் ஒரு பக்கத்தில், அவவுக்கு விளங்கும் தமிழில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கும்வரை ஆய்வு முடிந்ததாக எண்ண வேண்டாம் என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

புதன்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம் ஒதுக்க முடியுமா? ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, அந்த வருடம் ஆய்வேடு முடித்த இரண்டு மூன்று பிள்ளைகள். தராசு நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவி ஒருத்தி
கோண்டாவில்