அப்பாவிடம் மிஞ்சிய சொல்

குகை, சேலம்
செவ்வாய் இரவு

அன்புள்ள கண்ணுக்கு,

நீ போனில் பேசி ஒன்பது நாள் ஆகிறது. வேலை அதிகம் என்று தங்கையிடம் சொன்னாயாம். என்ன வேலை என்று எனக்குத் தெரியாதா? பக்கவாதம் வந்து பேச்சு போனபின் அப்பாவிடம் மிஞ்சியிருக்கும் அந்த வசைச்சொல், போன் திரையில் உன் முகத்தைப் பார்த்ததும் அவர் வாயிலிருந்து விழுந்ததே, அதுதான்.

முப்பது வருடம் கொலுசுப் பட்டறை நடத்தியவர். வேலைக்கு வரும் சின்னப் பையன்களைக்கூட மரியாதை விகுதி இல்லாமல் கூப்பிட்டதில்லை. பற்றவைக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டு எவனாவது வாய் தவறினால், வேலையை நிறுத்திவிட்டு அவனையே பார்ப்பார். அவ்வளவுதான். அடுத்த முறை சுட்டால் அவன் "முருகா" என்றுதான் கத்துவான். அப்படிப்பட்டவர் பெற்ற மகனைப் பார்த்து அதைச் சொன்னால் நெஞ்சு என்ன பாடுபடும் என்று தெரியும். என்னையும் சொன்னார். கஞ்சிக் கிண்ணத்தோடு எதிரில் நின்றேன். அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன். உன்னிடம் முன்பே சொல்லாமல் மறைத்தது என் தவறு. வெட்கம்தான் காரணம்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்தான் விளக்கினாள். வார்த்தைகளைக் கோர்த்துப் பேசுவது பெரும்பாலும் மூளையின் இடது பக்கத்து வேலை. அப்பாவுக்கு அடைப்பு வந்தது அங்கே. வலது கை விழுந்ததும் அதனால்தான். ஆனால் வசையும் எண்ணிக்கையும் சாமி பெயரும் பாட்டும் கோர்த்துச் சொல்பவை அல்ல, தாமாக வருபவை. மூளையின் வலது பக்கமும் அடியாழத்தில் உள்ள பகுதிகளும் அவற்றைத் தாங்கி நிற்கும். நான் 'ஒன்று' என்று தொடங்கினால் அப்பா பத்து வரை போகிறார். 'நான்கு' என்று தனியாகச் சொல்லச் சொன்னால் விழிக்கிறார்.

பாரிஸில் லெபோர்ன் என்றொருவர் 21 வருடம் மருத்துவமனையில் இருந்தாராம். 'தான்' என்ற ஒற்றை ஒலியைத் தவிர ஒன்றும் வராது. கோபம் தலைக்கேறினால் மட்டும் கடவுள் பெயரை இழுத்து ஒரு வசை தெளிவாக வரும். 1861-ல் அவர் இறந்தபின் ப்ரோகா என்ற மருத்துவர் மூளையைப் பார்த்தார். இடது பக்கம் முன்புறம் சிதைந்திருந்தது. அந்த இடத்துக்கு இன்று ப்ரோகாவின் பெயர்தான். வைதவர் பெயரை யார் வைக்கப்போகிறார்கள்!

அதற்குப்பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. ஓய்வு பெற்றாலும் தமிழாசிரியை அல்லவா? வசையே இல்லாத மொழி உண்டா என்று தேட ஆரம்பித்தேன். ஜப்பானிய மொழியைச் சொல்கிறார்கள். அங்கும் உண்டு, ஆனால் பெரிய அடி விழுவது மரியாதையைக் குறைப்பதில். 'கிசாமா' என்பது ஒரு காலத்தில் 'தாங்கள்' என்பதுபோல உயர்ந்த சொல், இன்று சண்டைக்கு இழுக்கும் சொல். நம் ஊரில் பெரியவர் ஒருவரை 'நீ' என்று சொல்லிப் பார், வேறு வசையே தேவைப்படாது.

நீ இருக்கிற மாண்ட்ரியலில் தேவாலயத்துப் பொருள்களின் பெயர்தான் வசை என்று சிரித்துக்கொண்டே சொன்னாயே! நற்கருணைப் பேழை, திருக்கிண்ணம், அப்பம். எத்தனை தலைமுறை அந்த மக்கள் சபைக்கு அடங்கிக் கிடந்தார்கள் என்பது அதிலேயே தெரிகிறது. டச்சுக்காரர்கள் நோயை இழுப்பார்களாம்: புற்றுநோய், காலரா, காசநோய். நாம் மட்டும் என்ன? 'பேதியில் போக', 'கொள்ளையில் போக' என்று என் பாட்டி தெருவைப் பார்த்துத் திட்டுவாள். அதே பாட்டி பெரியம்மையை நோய் என்று சொல்லமாட்டாள், 'அம்மா வந்திருக்கிறாள்' என்பாள். பேதி வசைக்குப் போயிற்று, அம்மை கோயிலுக்குப் போயிற்று. கேரளத்தில் கொடுங்கல்லூர் பரணித் திருவிழாவில் வசைப் பாட்டே அம்மனுக்குப் படையல். அந்த அம்மனைக் கண்ணகி என்று நம்புகிறவர்களும் உண்டு. இதற்கு மேல் எனக்கும் தலை சுற்றுகிறது.

தொல்காப்பியரிடம் வந்தபோதுதான் வாய்விட்டுச் சிரித்தேன். 'ஆ' என்ற சொல்லோடு பசுவின் கழிவைக் குறிக்கும் சொல் சேர்ந்தால் 'ஆப்பி' ஆகும் என்று விதி சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைச் சொல்லாமல் எப்படிச் சொல்வது? 'ஈகார பகரம்' என்று எழுத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்! இருபது வருடம் வகுப்பில் நடத்திய சூத்திரம், அன்றைக்குத்தான் அந்த மனிதரின் சங்கடம் தெரிந்தது. பின்னால் நன்னூல் இதற்கு இடக்கரடக்கல் என்று பெயர் கொடுத்தது. நானும் இவ்வளவு எழுதிவிட்டேன், அப்பா சொன்ன சொல்லை எழுதினேனா பார்.

உடற்பயிற்சி நேரத்தில் அந்தச் சொல் கொஞ்சம் உதவுகிறது என்றுகூடச் சொல்வேன். 2009-ல் இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை ஐஸ் போன்ற தண்ணீரில் கை வைக்கச் சொன்னார்கள். வசை சொல்லிக்கொண்டு வைத்தவர்கள் அதிக நேரம் தாங்கினார்கள். அப்பா வலது கையைத் தூக்கும்போது அதைச் சொல்லித்தான் தூக்குகிறார். பக்கத்து வீட்டு அக்கா வந்திருக்கும்போது நான் டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுகிறேன்.

இன்னொன்று. ஆறு மாதம் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் அதே சொல் தணிவாக வரும். வலித்தால் வெட்டினதுபோல் வரும். போன வாரம் வண்டி வேடிக்கை பார்க்கத் திண்ணையில் உட்கார வைத்தோம். அலங்கார வண்டி ஒவ்வொன்றும் திரும்பும்போது அதே சொல்லை வாயெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்.

உன்னைப் பார்த்துச் சொன்னபோது கடைசியில் இழுத்தார், கண்ணு. நீ சின்ன வயதில் ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டும்போது உன் பெயரை இழுப்பாரே, அந்த இழுப்பு. நீ வைத்த பிறகும் போனின் மேலிருந்து இடது கையை எடுக்கவில்லை.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கூப்பிடு, உனக்குச் சனி இரவு ஒன்பதரை. குளிப்பாட்டி, சட்டை மாற்றி உட்கார வைக்கிறேன். சொல்லத்தான் சொல்வார். நீயும் ஏதாவது பதில் சொல்.

அம்மா