அம்மாவுக்கு, நீகாட்டாவிலிருந்து

நீகாட்டா, ஜப்பான், ஜனவரி 26

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் லெட்டரும் பருப்புப்பொடியும் வந்து பத்து நாளாச்சு, பதில் போடலன்னு திட்டாத. அடிக்கடி வீட்டுக்குப் பேசினா மொழி வராதுன்னு எங்க எக்ஸ்சேஞ்ச் ப்ரோக்ராம் கோஆர்டினேட்டர் சொன்னதால போனும் கம்மி பண்ணிட்டேன்.

நீ கேட்டது சரிதான், ப்ரோக்ராம்ல சேரும்போது ஜப்பானிய மொழி தெரியணும்னு கண்டிஷன் எதுவும் இல்ல, ஹிரகானா கத்தகானா ரெண்டுலயும் 46 எழுத்து படிச்சுட்டு வந்தா போதும்னாங்க. நானும் மொட்டமாடில உக்காந்து விழுந்து விழுந்து படிச்சேன்ல, இங்க ஏர்போர்ட்ல எறங்கினா போர்டு பூரா கான்ஜி, சீனாலேருந்து வந்த எழுத்து (அப்பா காஞ்சிபுரமான்னு கேப்பாரு, கேக்க வேணாம்னு சொல்லு). பேப்பர் படிக்க 2,136 வேணுமாம். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளுக்கே 80 உண்டு, நான் தங்கியிருக்கிற வீட்டுக் குட்டிப்பையனும் நானும் ஒரே நோட்டுல எழுதுறோம், என் கையெழுத்துக்கு அவன் மார்க் போடுறான், பெரிய வாத்தியார் மாதிரி.

ஆனா ஒண்ணு, தமிழ்ல நெனச்சா பாதி வேலை முடிஞ்சுது. "வதாஷி வா கக்கோ நி இகிமஸ்"னா நான் ஸ்கூலுக்குப் போறேன். அந்த "நி" நம்ம "க்கு" தான், வினை கடைசில, கேள்வின்னா பின்னாடி ஒரு "கா" ஒட்டு, நம்ம "போறீங்களா" மாதிரியே. என்கூட வந்த வியட்நாம் பொண்ணுதான் பாவம், வினை கடைசி வரைக்கும் வரலன்னு திணறுறா.

ழ தான் இவங்களுக்கு வாய்ல நுழையல. ஸ்கூல்ல யாழினிங்கற நான் "யாரினி". ரோல் கால் எடுக்கும்போது யார் இனின்னு கேக்குற மாதிரியே இருக்கு.

பனி இடுப்பளவு. விடியக்காலைல பக்கத்து வீட்டுப் பாட்டி தன் வாசல் பனிய தள்ளிட்டு எங்க வாசலையும் தள்ளிட்டுப் போகும், கேட்டா இந்த ஊர்ப் பேச்சுல என்னமோ சொல்லும், என் புஸ்தகத்துல அது ஒரு வார்த்தையும் இல்ல. நான் தலைய ஆட்டுவேன், உடனே முள்ளங்கி ஊறுகாய் ஒரு டப்பா வரும். சாப்பாடு பரவால்ல. கொஷிஹிகாரி அரிசி இந்த ஊர்ப் பெருமை, ஆனா ஒட்டிக்கிட்டே நிக்கும், ரசம் விட்டுப் பிசைய முடியாது.

டிசம்பர்ல ஜேஎல்பிடி என்5, அதான் ஜப்பானிய மொழிப் பரிட்சைல ஆரம்ப லெவல், எழுதல. பீஸ் கட்டுற தேதி தவறிடுச்சு, வேற ஒண்ணும் இல்ல, அப்பாவ பணம் அனுப்ப வேணாம்னு சொல்லு, பூட்ஸ் வாங்கியாச்சு.

ராத்திரி சாப்பாட்டுல ஒகாசான் (இந்த வீட்டு அம்மா) தெனமும் ஸ்கூல் எப்படி இருந்துச்சுன்னு கேப்பாங்க. வந்த புதுசுல எனக்குத் தெரிஞ்சது "தனோஷிகத்தா" மட்டும்தான், ஜாலியா இருந்துச்சுன்னு அர்த்தம். அதனால மூணு மாசம் தெனமும் ஜாலியாத்தான் இருந்தேன். போன வாரம் "சபிஷி"ங்கற வார்த்தை படிச்சேன், தனியா ஏக்கமா இருக்குன்னு அர்த்தம். இன்னும் சொல்லல. பொடி டப்பாவத் தொறந்தப்போ பெருங்காய வாசன வந்துச்சும்மா, ஒகாசான் ஏதோ கேஸ் லீக்குன்னு ஜன்னலத் தொறந்தாங்க, நான் சிரிச்சேன், அப்புறம் பாத்ரூம்ல போய் கொஞ்ச நேரம் இருந்துட்டு வந்தேன்.

அப்பத்தா கண் ஆபரேஷன் எப்போ? அத்தை சொன்ன டாக்டர்கிட்ட வேணாம், மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. தம்பிக்கு 10-ஆவது பரிட்சை வருது, ராத்திரி அவன்கிட்ட போன குடுக்காத. எனக்காக வச்ச உன் வளையலத் திருப்பியாச்சா? லெட்டர்ல நீ அதப்பத்தி எழுதவே இல்ல. வட்டி ஏறிடும், அத மட்டும் மறக்காம எழுது.

யாழினி